ஆல்ப்ஸ் மாட்டுமணியைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவிட்சர்லாந்து போய்த் திரும்புகிறவர்களின் பெட்டியில், பட்டையில் வெள்ளைச் சிலுவை பொறித்த குட்டி மணி ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதை முன்னால் வைத்துக்கொண்டு பயணக் கட்டுரை எழுதத் தொடங்கும்போது நேரும் பிழைகள் பலவும் ஓரிடத்திலிருந்தே கிளைக்கின்றன: மாட்டுமணி என்பது ஒரே பொருள், அது எங்கும் ஒரே வேலைதான் செய்கிறது என்று எடுத்துக்கொள்வதுதான் அந்த இடம்.

மணி என்றாலே வெண்கல வார்ப்பு என்பது கோயில் மணி கேட்டு வளர்ந்த நமக்கு இயல்பான நினைப்பு. ஆல்ப்ஸ் மேய்ச்சல் நிலத்தில் இரண்டு வகை மணிகள் உள்ளன. உருக்கிய வெண்கலத்தை அச்சில் ஊற்றி எடுப்பதை ஜெர்மன் பேசும் சுவிஸ் மக்கள் 'க்ளோக்க' என்கிறார்கள். இரும்புத் தகட்டைச் சுத்தியால் அடித்து, மடித்து, இணைத்துச் செய்வதை 'ட்ரைஹெல்' என்கிறார்கள். முன்னதன் ஒலி தெளிவாக நீண்டு ஒலிக்கும். பின்னதன் ஒலி அடங்கிய, கரகரப்பான தாழ்குரல். படத்தில் வயிறு புடைத்து வாய் குறுகிய மணியைக் காட்டிவிட்டு, கீழே 'வெண்கலத்தில் வார்த்தது' என்று எழுதினால், விவரம் தெரிந்தவர் அந்த இடத்திலேயே கட்டுரையை மூடிவிடுவார்.

தகட்டு மணியை மட்டமான சரக்கு என்று எண்ணுவதும் தவறே. போர்ச்சுகலின் தெற்கே, அலென்தேஜு பகுதியிலுள்ள அல்காசோவாஷ் ஊர்ப் பட்டறைகளில் நடக்கும் வேலையைப் பார்த்தால் இது விளங்கும். இரும்புத் தகட்டைக் காய்ச்சாமலே அடித்துக் கிண்ண வடிவுக்கு மடிக்கிறார்கள். அதைச் சுற்றிச் சிறு சிறு செப்புத் துண்டுகளையோ தகரத் துண்டுகளையோ வைத்து, வைக்கோல் கலந்த களிமண்ணால் முழுவதும் பொதிந்து சூளையில் இடுகிறார்கள். உள்ளே உலோகம் உருகி இரும்பின்மேல் படர்கிறது. வெளியே எடுத்ததும் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, வெந்த மண்ணை உடைத்தெறிந்து, தேய்த்து மெருகேற்றி, கடைசியாகக் காதால் கேட்டுக் கேட்டுச் சுருதி திருத்துகிறார்கள். யுனெஸ்கோ 2015இல் இக்கைவினையை 'உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும்' மரபுகளின் பட்டியலில் சேர்த்தபோது எஞ்சியிருந்த கைவினைஞர்கள் 13 பேர். அவர்களுள் 9 பேர் 70 வயதைக் கடந்தவர்கள்.

அடுத்த தவறு, ஊர்வல மணியையும் மேய்ச்சல் மணியையும் ஒன்றாகக் குழப்புவது. இலையுதிர் காலத்தில் மந்தை மலையிலிருந்து இறங்கும் நாளில், தலையில் பூமுடியும் கழுத்தில் அகன்ற தோல்பட்டையில் தொங்கும் பெருமணியுமாக வரும் பசு, கோடை முழுவதும் அதே கோலத்தில் மேய்வதில்லை. பெருமணிகள் விழா முடிந்ததும் பண்ணை வீட்டு இறவாரத்தின் கீழ் வரிசையாகத் தொங்கவிடப்படும். இந்த இறக்கத்தைச் சுற்றுலாக் காட்சி என்று மட்டும் எழுதிவிடுவதும் சரியன்று. ஆஸ்திரியாவின் டிரோல், ஜெர்மனியின் பவேரியப் பகுதிகளில் அந்தக் கோடையில் மலையில் மாடு ஏதும் இறந்திருந்தாலோ, உரிமையாளர் வீட்டில் சாவு விழுந்திருந்தாலோ, மந்தையை அலங்கரிக்காமலே ஓட்டி வருவது வழக்கம். அங்கே பூமுடி என்பது எல்லா உயிரும் நலமாகத் திரும்பிவிட்டது என்ற அறிவிப்பு.

விலங்கு நலன் பற்றிய விவாதத்தில் மிகுதியாகத் திரிக்கப்படுவது, சூரிச் ஈடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு. மணியால் மாடுகள் செவிடாகின்றன என்று அதில் நிறுவப்பட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். அந்த ஆய்வு 19 பசுக்களை, மணியின்றியும், நாக்கு கட்டப்பட்ட மணியோடும், ஒலிக்கும் மணியோடும் மும்மூன்று நாள் கவனித்தது. மணியின் எடை 5.5 கிலோ, 20 சென்டிமீட்டர் தொலைவில் ஒலியளவு 90 முதல் 113 டெசிபல். ஒலிக்காத மணியை மாட்டியிருந்தபோதும் அசைபோடும் நேரம் குறைந்தது. ஆக, சத்தத்தை மட்டும் குற்றவாளியாக்க முடியாது, கழுத்துச் சுமைக்கும் பங்கு உண்டு. இதயத் துடிப்பின் மாறுபாட்டில் வேறுபாடு தென்படவில்லை. கேள்திறன் இழப்பு இந்த ஆய்வின் அளவீடுகளில் இடம்பெறவே இல்லை. மணிக்கு எதிராகவோ ஆதரவாகவோ வாதிடுவது அவரவர் விருப்பம். ஆய்வின் வாயில் இல்லாத சொல்லைத் திணிக்கக் கூடாது.

மாட்டுமணி சுவிஸ் கண்டுபிடிப்பு என்பதற்கு நீண்ட மறுப்பே தேவையில்லை. ரோமானியர் காலத்திலேயே விலங்குகளின் கழுத்தில் மணி இருந்தது. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று குறுந்தொகையின் 190ஆம் பாடல்: பிரிந்தவன் அறிவானோ என்று ஏங்கும் தலைவி, இடி முழங்கும் நள்ளிரவில், பல பசுக்கள் நிற்கும் தொழுவத்தில் நல்லேறு அசையும்தோறும் ஒலிக்கும் 'ஒருமணிக் குரலை'க் கேட்டுக் கிடக்கிறாள். கண்ணுக்கு எட்டாத இருளில் விலங்கின் அசைவைக் காதுக்குச் சொல்வது என்ற அடிப்படைப் பயன் ஆல்ப்ஸ் மூடுபனியிலும் இதுவேதான்.

மனிதர் மணி கட்டும் விழாக்களை எல்லாம் 'தீய ஆவிகளை விரட்டும் சடங்கு' என்ற ஒரே வாக்கியத்தில் அடைப்பது சோம்பல். சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கில் மார்ச் 1 அன்று நடக்கும் சலாண்டமார்ஸ், பள்ளிப் பிள்ளைகள் மணியடித்துக் குளிர்காலத்தை அனுப்பிவைக்கும் விழா. ஸ்பெயினின் நவார்ராவிலுள்ள இதுரென், சுபியேட்டா ஊர்களில் ஜனவரி கடைசியில் நடப்பதோ பாஸ்க் திருவிழா. ஆட்டுத்தோல் போர்த்திய ஆடவர்கள் பின்னிடுப்பில் இரண்டு பெருமணிகளைக் கட்டிக்கொண்டு, ஒருவர் ஊருக்கு மற்றவர் நடந்து போகிறார்கள். மணி தளர்ந்தால் தாளம் கெடும் என்பதால், இன்னொருவர் கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டிவிடுகிறார். அங்கே அடியெடுத்து வைக்கும் நடையே மணியின் தாளம்.

தேதிப் பிழையும் உண்டு. சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் ஔசர்ரோடன் மாநிலத்தில் முகமூடியும் மணியும் அணிந்து வீடு வீடாகச் செல்லும் சில்வெஸ்டர்கிளாசன் மரபை டிசம்பர் 31 என்று மட்டும் குறிக்கிறார்கள். பழைய ஜூலியன் நாட்காட்டிப்படியான ஆண்டிறுதி என்பதால், உர்னேஷ் போன்ற ஊர்களில் ஜனவரி 13 அன்றும் கிளம்புகிறார்கள். அவர்களில் பெருமணி சுமப்பவர் வேறு, நம் சலங்கையைப் போன்ற உருண்டை மணிகளை அணிபவர் வேறு; படத்துக்குக் குறிப்பு எழுதும்போது இருவரையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இந்த இரு தேதிகளில் எதுவும் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் முந்தைய சனிக்கிழமையே நடத்திவிடுவார்கள்.