தீவு மரத்தின் இலையை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்லாண்டிக் கடலில், போர்ச்சுகலைச் சேர்ந்த அசோர்ஸ் தீவுகளில் மட்டும் இயற்கையாக வளரும் மரம் பிக்கோனியா அசோரிகா. ஆலிவ் குடும்பம். மதீராவிலும் கேனரி தீவுகளிலும் வளரும் பிக்கோனியா எக்செல்சா இதன் நெருங்கிய சொந்தம். இப்படிப்பட்ட மரங்களின் வேதிப்பொருள்களைப் பற்றி எழுதும்போது பலரும் முதலில் சறுக்குவது இந்தச் சொந்தத்தில்தான். ஆலிவ் இலையில் ஒலியூரோபின் என்ற கசப்புப் பொருள் நிறைய இருக்கிறது, ஆகவே இதிலும் இருக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். எதைத் தேடலாம் என்பதைத்தான் குடும்பம் சொல்லும். இருக்கிறதா என்பதை அந்த இலையைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் ஆதங்கம் தருவது இலையைப் பறித்த பிறகு நடக்கும் அலட்சியம். ஆலிவ் இலையில் ஒலியூரோபின் ஓரிடத்திலும், அதிலிருக்கும் சர்க்கரையை வெட்டும் பீட்டா குளுக்கோசிடேஸ் என்ற நொதி வேறிடத்திலும் இருக்கின்றன. இலை கசங்கினால் இரண்டும் கலந்துவிடும். சர்க்கரை கழன்றதும் மிஞ்சுவது புரதங்களோடு வேகமாக வினைபுரிந்து ஒட்டிக்கொள்ளும் பொருள். இலை தின்னும் பூச்சிக்கு எதிரான ஏற்பாடு இது. பச்சை இலையைப் பையில் திணித்து, வெயிலில் போட்டு, அப்புறம் அரைத்தால் நாம் அளப்பது மரம் வைத்திருந்ததை அல்ல, சிதைந்து மிஞ்சியதை. பறித்த உடனே திரவ நைட்ரஜனில் உறையவைத்து, உறைந்த நிலையிலேயே நீரை அகற்றி உலர்த்துவது நல்லது. சூடான மெத்தனால் நொதியை அடக்கும். ஆனால் அதுவே சில பொருள்களோடு சேர்ந்து, இலையில் இல்லாத புதிய பொருளை உண்டாக்கவும் கூடும்.

அடுத்தது, மூலக்கூறின் எடையை மட்டும் பார்த்துப் பொருளுக்குப் பெயர் வைப்பது. வெர்பாஸ்கோசைடு, ஐசோவெர்பாஸ்கோசைடு என்ற இரண்டு இலைப்பொருள்களுக்கும் வாய்பாடு ஒன்றுதான், மூலக்கூறு எடையும் சுமார் 624தான். ஒலியூரோபினுக்கும் ஒலியூரோசைடுக்கும் அதே சிக்கல், அங்கே 540. மூலக்கூறை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் தரும் எண் போதாது. தூய மாதிரியோடு ஒப்பிட வேண்டும், அல்லது பிரித்தெடுத்து, அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்று காட்டும் என்.எம்.ஆர். சோதனை பார்க்க வேண்டும்.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறனை நிறமாற்றத்தால் அளக்கும் டி.பி.பி.ஹெச். சோதனையில் நிறம் மங்கியதும் 'நோயைக் குணப்படுத்தும்' என்று எழுதுவது சரியல்ல. ஃபீனால் வகைப் பொருள்கள் நிறைந்த பெரும்பாலான இலைச்சாறுகள் அந்த நிறத்தை மங்கவைக்கும்.

இலை பறிக்க அனுமதி முக்கியம். மரபுவளங்களைப் பெறுவது பற்றிய நகோயா நெறிமுறை என்ற பன்னாட்டு ஒப்பந்தம் 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரே மரத்தை மொட்டையடிக்காமல் பல மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். இடம், மாதம், இலையின் முதிர்ச்சி மூன்றையும் குறித்துவையுங்கள். ஒரு கிளையை உலர்த்தி, எண் போட்டு, உலர்ந்த தாவர மாதிரிகளைச் சேமிக்கும் ஹெர்பேரியத்தில் கொடுத்துவிட்டால், பின்னால் இனத்தின் பெயரில் சந்தேகம் வந்தாலும் எடுத்துப் பார்த்துத் திருத்தலாம்.