ஓவனில் காய்கறிச் சிப்ஸ்: எங்கே தவறுகிறோம்?

வாணலியில் நான்கைந்து நிமிடத்தில் கலகலவென்று வந்துவிடும் சிப்ஸ், அதே காயை அதே கனத்தில் சீவி ஓவனில் வைத்தால் ஓரம் கருகி, நடுவில் தோல்போல வளைந்து வருகிறது. உடனே பழி ஓவன் மேல் விழும். இல்லாவிட்டால், முக்கி எடுக்க எண்ணெய் இல்லாமல் இதெல்லாம் சரிப்படாது என்று வீட்டில் தீர்ப்பாகிவிடும்.

ஓவனை எண்ணெய் இல்லாத வாணலி என்று நினைத்துக்கொள்வதுதான் கோளாறு. 170, 180 டிகிரியில் காயும் எண்ணெய், சீவலை எல்லாப் பக்கமும் ஒட்டிச் சூழ்ந்து ஈரத்தைக் குமிழ் குமிழாக விரட்டிவிடும். அதே சூட்டில் இருக்கும் காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. சீவலின் மேல் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. முதலில் காய்ந்த ஓரம் மட்டும் மளமளவென்று சூடேறிக் கருகும். மொத்தத்தில் ஓவனில் நடப்பது மொட்டை மாடியில் வற்றல் காய்வதற்குத்தான் நெருக்கம். வற்றல் போட்டுப் பழகியவர்களுக்கு இனிச் சொல்லப்போவதில் பாதி தெரிந்ததுதான்.

சூட்டைக் கூட்டிச் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பதுதான் மிகுதியாக நடக்கும் தவறு. பீட்ரூட், கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு மூன்றிலும் சர்க்கரை உண்டு; 180 டிகிரியில் நடுப்பகுதி காய்வதற்குள் ஓரம் கசந்துவிடும். மெல்லிய சீவல்களுக்கு 130 முதல் 140 டிகிரி போதும். 40 நிமிடமும் ஆகும், ஒரு மணி நேரமும் ஆகும். ஓவனின் திருகு குமிழில் காட்டும் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். வீட்டு ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த) அடுப்புகள் பலவற்றில் குறித்த வெப்பத்துக்கும் உள்ளே இருக்கும் வெப்பத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். உள்ளே வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கினால் பல தட்டுச் சிப்ஸ் பிழைக்கும். தட்டை நடு அடுக்கில் வைத்து, பாதி நேரத்தில் முன்பின் திருப்பி வையுங்கள். உள்ளே சூடான காற்றைச் சுழலவிடும் கன்வெக்‌ஷன் விசிறி இருந்தால் போடுங்கள்; ஏர் ஃப்ரையர் நன்றாக வேலை செய்வதும் அந்த விசிறியால்தான்.

ஆவி வெளியே போக வழி வேண்டும். கால் கிலோ பீட்ரூட்டில் 200 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். அத்தனையும் ஆவியாகி அந்தச் சின்னப் பெட்டிக்குள் சுற்றினால் எது காயும்? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து ஆவியை விட்டு மூடுங்கள். தட்டில் சீவல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. இடம் போதாமல் இரண்டு அடுக்காகப் பரப்புகிறவர்களுக்குக் கிடைப்பது வேகவைத்த காய். அதைப் பொரியல் என்று சொல்லிப் பரிமாறலாம், சிப்ஸ் என்று சொல்ல முடியாது.

சீவுவதில் கனத்தைவிடச் சீர்தான் முக்கியம். ஒன்றரை மில்லிமீட்டரும் மூன்று மில்லிமீட்டரும் ஒரே தட்டில் கிடந்தால், ஒன்று கருகும்போது மற்றது பச்சையாக இருக்கும். கத்தியில் இந்தச் சீர் பலருக்கு வராது, சிப்ஸ் சீவும் கட்டைதான் வழி. சீவியதை ஈரம் போகத் துணியில் ஒற்றி எடுப்பதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்.

எண்ணெயில் இரண்டு தரப்பும் தவறுகிறார்கள். அறவே விட்டால் சீவல் வறண்டு தோலாகிறது. தாராளமாக ஊற்றினால் தட்டில் தேங்கி ஊறுகிறது. கால் கிலோவுக்கு ஒன்று அல்லது ஒன்றரை டீஸ்பூன். அதையும் தட்டில் ஊற்றாமல், ஒரு பாத்திரத்தில் சீவல்களோடு சேர்த்துக் கையால் பிசறினால் எல்லாவற்றிலும் படரும்.

உப்பை முதலிலேயே போட்டால் காய் நீர் விடும். தின்னும்போது இன்னொரு வம்பும் வரும். கால் கிலோ பீட்ரூட் காய்ந்து முடிந்தால் மிஞ்சுவது 35, 40 கிராம்தான். பச்சைக் காயின் அளவுக்குப் போட்ட உப்பு அத்தனையும் அந்தக் கைப்பிடிக்குள் ஏறிக் கைத்துப்போகும். எடுத்த பிறகு, சூட்டோடு சிட்டிகை தூவினால் போதும். மிளகாய்த்தூளும் கடைசியில்தான், ஆரம்பத்திலேயே போட்டால் கருகி நெடி ஏறும். பாகற்காய்க்கு மட்டும் சட்டம் வேறு. வட்டமாகச் சீவி, விதை நீக்கி, உப்பும் மஞ்சள்தூளும் பிசறி இருபது நிமிடம் வைத்து, வந்த நீரை நன்றாகப் பிழிந்துவிட்டு ஓவனுக்கு அனுப்புங்கள். கசப்பில் ஒரு பங்கு குறையும், ஈரமும் குறையும். மறுபடி உப்பு வேண்டாம்.

வெண்டைக்காயை முழுதாகக் கழுவித் துடைத்த பிறகே நறுக்க வேண்டும். நறுக்கிக் கழுவினால் வழவழப்பு விடாது. நீளவாக்கில் நான்காகப் பிளந்து, எண்ணெய் பிசறி, கால் கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி கடலை மாவும் ஒன்று அரிசி மாவும் உலர்வாகத் தூவிப் பிரட்டுங்கள். இதற்கு 180 டிகிரி தாங்கும். பஜ்ஜி மாவு போலக் கரைத்துத் தோய்ப்பவர்கள் உண்டு. எண்ணெயில் உப்பி வரும் அந்த மாவு, ஓவனில் வறண்ட பூச்சாகத்தான் ஒட்டியிருக்கும்.

எல்லாக் காயும் இதற்கு ஒத்துவராது என்பது என் கருத்து. வாழைக்காயும் மரவள்ளிக்கிழங்கும் மாவுச்சத்து மிகுந்தவை; பச்சையாகச் சீவி ஓவனில் காயவைத்தால் பல்லுக்கு வேலை வைக்கும். நேந்திரங்காய் வறுவலைத் தேங்காய் எண்ணெய்க்கே விட்டுவிடுவது மரியாதை. சேப்பங்கிழங்கு அப்படியில்லை. வேகவைத்துத் தோலுரித்து, உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்கி, எண்ணெய் தடவி 200 டிகிரியில் வைத்தால் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையுமாக வரும்.

உருளைக்கிழங்குக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. மாவுச்சத்துள்ள உணவு அதிகச் சூட்டில் சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற பொருள் உருவாவதை 2002-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கிழங்கில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேல் வினைபுரிவதால் வருவது அது. ஓவனில் செய்தது என்பதால் விலக்குக் கிடையாது. ஃபிரிஜ்ஜில் வைத்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் இன்னும் வேகமாகச் சிவக்கும். ஆகவே கிழங்கை வெளியே இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். சீவிய பிறகு கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்துவிடுங்கள். பொன்னிறத்தில் எடுத்துவிட வேண்டும், பழுப்பேறும்வரை காத்திருக்கக் கூடாது.

தட்டில் விரிக்கும் தாளையும் பார்த்து வாங்குங்கள். கடைகளில் பட்டர் பேப்பர் என்ற பெயரில் வருவதெல்லாம் ஓவனுக்கு உகந்ததல்ல. மெழுகு பூசிய தாள் சூட்டில் உருகிப் புகையும். எவ்வளவு டிகிரி தாங்கும் என்று உறையில் அச்சிட்டிருக்கும்.

எப்போது எடுப்பது என்பதில்தான் கைப்பழக்கம் தேவை. சூடாக இருக்கும்போதே ஒடியும் அளவுக்கு விட்டுவைத்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். ஓரம் விறைத்து, நடுவில் லேசாக வளையும்போதே ஒன்றை எடுத்து இரண்டு நிமிடம் ஆறவிட்டு ஒடித்துப் பாருங்கள். ஒடிந்தால் முதலில் காய்ந்தவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மீதியை மட்டும் திரும்ப உள்ளே வையுங்கள். கம்பி வலைத் தட்டில் ஆறவிடுவது நல்லது, அடியில் ஆவி தேங்காது.

முழுதாக ஆறாமல் டப்பாவில் அடைத்தால் அரை மணியில் நமுத்துவிடும். ஆறிய பிறகு இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் போட்டாலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாளைக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். நமுத்துப்போனதை 120 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் மொறுமொறுப்பு திரும்பும். மிளகாய்த்தூள் தூவியதாக இருந்தால் நிறம் கொஞ்சம் மங்கும்.