கித்தோன் என்றால் சட்டை அல்ல

பழைய கிரேக்க நூல்களை மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் அடிக்கடி இடறும் சொல் கித்தோன், அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் உடுத்திய ஓர் உடையின் பெயர். இதற்கு 'சட்டை', 'உள்ளாடை', 'அங்கி' என்று ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். மூன்றையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

உச்சரிப்பை முதலில் முடித்துவிடலாம். ஆங்கில எழுத்தில் பார்த்துவிட்டுச் சிலர் 'சிட்டான்' என்று எழுதிவிடுகிறார்கள். முதல் எழுத்து ககரம், கொஞ்சம் மூச்சு சேர்ந்தது. நடுவில் இருப்பது கிட்டத்தட்ட நம் தகரம்தான்.

அடுத்தது சட்டை. சட்டை என்றதும் வெட்டு, தையல், கை, காலர் எல்லாம் கண்முன் வந்துவிடும். கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் பெண்கள் உடுத்திய கித்தோனுக்குக் கத்தரிக்கோலே தேவையில்லை. தறியிலிருந்து இறக்கிய நீள்சதுரத் துணி, பெரும்பாலும் மெல்லிய லினன். ஓரங்களைச் சேர்த்துக் குழாய் போல ஆக்கி, உள்ளே நுழைந்துகொள்வார்கள். மேல் விளிம்பில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கழுத்தருகே தொடங்கிக் கை நெடுக அங்கங்கே சின்ன ஊசியாலோ பொத்தானாலோ இணைப்பார்கள். இரண்டு பொத்தானுக்கு நடுவே துணி தொய்ந்து, தோல் லேசாகத் தெரியும். சிலைகளில் கை வைத்த உடை போலத் தோன்றுவது இதுதான். அப்புறம் இடுப்பில் கச்சை கட்டி, தரையில் புரளும் மிச்சத் துணியை மேலே இழுத்துக் கச்சைக்கு மேல் பை போலத் தொங்கவிடுவார்கள். இந்தத் தொங்கலுக்கே கோல்போஸ் என்று தனிப் பெயர் உண்டு. வேட்டி கட்டத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். துணியில் பாதி, கட்டும் கையில் பாதி.

இதோடு பெப்லோஸ் என்ற இன்னொரு பெண்கள் உடையைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. அது கம்பளித் துணி. மேல் விளிம்பை வெளிப்பக்கம் மடித்துத் தொங்கவிட்டு, தோளுக்கொன்றாக இரண்டு பெரிய ஊசியால் குத்துவது. அந்த ஊசியைப் பற்றிப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு பயங்கரமான கதை சொல்கிறார். ஏஜினா தீவின் மேல் போன படையில் ஒரே ஒருவன் மட்டும் உயிரோடு ஏதென்ஸ் திரும்பினானாம். 'என் புருஷன் எங்கே?' என்று கேட்டுக் கேட்டே, செத்தவர்களின் மனைவிமார் தோளூசிகளால் குத்தி அவனைக் கொன்றுவிட்டார்களாம். அதற்குத் தண்டனையாக, அந்தப் பெரிய ஊசி தேவைப்படாத லினன் கித்தோனுக்குப் பெண்கள் மாற்றப்பட்டார்களாம். நடந்ததோ இல்லையோ, இரண்டும் வெவ்வேறு உடை என்பது மறக்காது.

'உள்ளாடை' என்பதும் பாதி உண்மைதான். ஹிமாத்தியோன் என்ற போர்வையை மேலே சுற்றும்போது கித்தோன் உள்ளே போகும். மற்ற நேரத்தில் அதையே உடுத்திக்கொண்டு ஊர் நடுவில் நடக்கலாம். 1896இல் டெல்ஃபியில் கிடைத்த வெண்கலத் தேரோட்டியைப் பாருங்கள்: கணுக்கால் வரை தொங்கும் கித்தோன், மேலே போர்வை கிடையாது. தேர்ப் பந்தயத்தில் வென்றவன் உள்ளாடையோடு நிற்கிறான் என்று யாராவது சொல்வார்களா?

நம்மை அதிகம் குழப்புவது தமிழ் வேதாகமம். பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 5:40ஐ எடுங்கள். வழக்காடி 'வஸ்திரத்தை' எடுக்க வருகிறவனுக்கு 'அங்கியையும்' விட்டுவிடச் சொல்கிறது. கிரேக்கத்தில் வஸ்திரம் கித்தோன், அங்கி ஹிமாத்தியோன். யோவான் 19:23க்குப் போனால் தலைகீழ்: சேவகர்கள் நாலு பங்கு போட்ட 'வஸ்திரங்கள்' ஹிமாத்தியோன், தையலில்லாமல் நெய்த 'அங்கி'தான் கித்தோன். ஆக, அங்கி என்ற தமிழ்ச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்தால் உடை மாறிப்போகும். மத்தேயுவும் லூக்காவும் வரிசையை மாற்றிச் சொல்வதன் சுவையும் போய்விடும். வாங்கிய கடனுக்கு ஈடாக வைத்த போர்வையைப் பொழுது போவதற்குள் திருப்பித் தர வேண்டும் என்பது யாத்திராகமச் சட்டம். ஏழைக்கு இரவில் அதுதானே படுக்கை. அதனால் மத்தேயுவில் வழக்காடுகிறவன் கித்தோனைக் கேட்கிறான். லூக்கா 6:29இல் கோர்ட்டு, வழக்கு எதுவும் இல்லை, பறிப்பு மட்டும்தான். பறிப்பவன் கைக்கு முதலில் சிக்குவது மேலே கிடக்கும் போர்வை.

இங்கே இன்னொன்று. ரோமர் காலத்துக் கித்தோன், வடிவமாகவே நெய்து பக்கவாட்டில் தைக்கும் உடையாகிவிட்டது. அதில் ஏதென்ஸ் சிலையின் மடிப்புகளைத் தேடக் கூடாது. பெயர் அதே, உடை வேறு.

சொல்லே கிரேக்கத்தில் பிறந்ததல்ல. எபிரேயத்தில் குத்தோனெத் என்பது இதன் உறவு. பழைய ஏற்பாட்டு யோசேப்பின் பலவருண அங்கிக்கு மூலத்தில் இருப்பது அந்தச் சொல்தான். லத்தீன் தூனிக்காவும் அதே குடும்பம் என்பார்கள்.

கடைசியாக, கித்தோன் என்று வரும் இடமெல்லாம் துணி இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஹோமரின் காவியத்தில் அக்கேயர்கள், அதாவது கிரேக்கப் படையினர், 'வெண்கலக் கித்தோன்' அணிந்தவர்கள், அது கவசம். அந்தக் காவியமான இலியட்டின் மூன்றாம் காண்டத்தில் டிராய் இளவரசன் ஹெக்டர் தன் தம்பி பாரிஸைத் திட்டும்போது, 'டிராய்க்காரர்கள் கோழைகளாக இல்லாவிட்டால் நீ எப்போதோ கல் கித்தோன் உடுத்தியிருப்பாய்' என்கிறான். ஊரே சேர்ந்து கல்லால் அடித்துக் கொன்றிருக்கும் என்று அர்த்தம்.