சான் பிரான்சிஸ்கோ எஃப் லைன்: பழைய டிராமைப் பார்த்து ஏறுவது எப்படி?

தரைக்கடியில் ஓடும் கம்பிவடம் இழுக்கும் கேபிள் கார் வேறு, மின்சாரத்தில் ஓடும் எஃப் லைன் டிராம் வேறு. பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். கேபிள் காருக்குத் தனிக் கட்டணம், அதுவும் அதிகம். டிராமுக்கோ முனி (நகரப் பொதுப் போக்குவரத்து) பஸ் கட்டணமே போதும். 120 நிமிடத்துக்குள் பஸ்ஸுக்கும் மாறிக்கொள்ளலாம். கிளிப்பர் என்ற பயணக் கட்டண கார்டு இல்லையென்றால் சரியான சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், மீதி தர மாட்டார்கள்.

1995-இல் தொடங்கிய இந்தத் தடம் காஸ்ட்ரோவிலிருந்து மார்க்கெட் ஸ்ட்ரீட், ஃபெர்ரி பில்டிங் வழியாக மீனவர் துறைக்குப் (ஃபிஷர்மன்ஸ் வார்ஃப்) போகிறது. உட்கார இடம் வேண்டுமானால் காஸ்ட்ரோ முனையில், காலையிலேயே ஏறுங்கள். நண்பகலுக்குப் பிறகு மீனவர் துறைப் பக்கம் உள்ள பியர் 39 நிறுத்தத்தில் ஏறவே இடம் கிடைக்காமல் போகலாம். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் பல நிறுத்தங்கள் சாலை நடுவே இருக்கும் திட்டுகள். நடைபாதையில் நின்றால் வண்டி கண்ணெதிரே போய்விடும்.

எந்த வண்டி வருகிறது என்று எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். 10 என்று தொடங்கினால் பெரும்பாலும் 1940களின் பி.சி.சி. என்ற அமெரிக்க டிராம் மாடல். பாஸ்டன், வாஷிங்டன் என்று ஒவ்வொன்றும் ஓர் ஊரின் வண்ணத்தில் வரும். ஓட்டுநரின் காலைக் கவனியுங்கள்: கார் போலவே பெடலில்தான் ஓட்டுகிறார். 18 என்று தொடங்கினால் மிலானின் 1928 மாடல். பக்கவாட்டில் நீள மர பெஞ்சு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் கையால் திருகும் கன்ட்ரோலர், கிளம்பும்போது அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஓர் உறுமல். எங்களைக் கேட்டால், இதற்காக இரண்டு வண்டியை விட்டுவிட்டுக் காத்திருக்கலாம். மர பெஞ்சு வழுக்கும். பிரேக் போடும்போது கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் பிளாக்பூலிலிருந்து வந்த, கூரையில்லாத 1934 படகு டிராம் நல்ல வெயில் நாளில் மட்டுமே, அதுவும் எப்போதாவதுதான் வெளியே வரும். அதை நம்பிப் பயணத் திட்டம் போடாதீர்கள்.

சக்கர நாற்காலியில் வருபவர்கள் உயர்மேடை உள்ள நிறுத்தங்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லா நிறுத்தத்திலும் அது இல்லை.

வழியில் திடீரென மின்சாரம் போய் வண்டி நின்றால் பதற வேண்டாம். கூரைமேல் இருக்கும் நீண்ட கோல் மின்கம்பியை விட்டு நழுவியிருக்கும். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் டிராலிபஸ் (மின்கம்பியில் ஓடும் பஸ்) கம்பிகளும் இருப்பதால் கம்பிகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் அதிகம். அங்கே வேகமாகப் போனால் கோலின் நுனி கவ்வல் தடம் மாறிவிடும். ஓட்டுநர் பிரேக்கைப் பூட்டிவிட்டுப் பின்னால் போய், கயிற்றை இழுத்துக் கோலைத் தாழ்த்தி, கம்பிக்கு நேராகக் கொண்டுவந்து மெல்ல விடுவார். அதுவரை இறங்காமல் உட்கார்ந்திருங்கள். பக்கத்திலேயே வாகனங்கள் போய்க்கொண்டிருக்கும்.