காவடித் தொண்டர்களின் டீ-சர்ட்டை இரண்டே ஸ்கிரீனில் வடிவமைக்கும் முறை

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி கடுங்கோடையில்தான் வருகிறது. கோர் தெ கார்த் மலைச்சரிவிலுள்ள முருகன் கோயில் போன்ற இடங்களில் வெயிலில் நிற்கும் தொண்டர்களுக்கு டீ-சர்ட் வடிவமைப்பவர், எத்தனை நிறம், எவ்வளவு அகலம், எந்தத் துணி என்ற மூன்றையும் அச்சகத்தில் கேட்டறிந்த பின்னரே வரையத் தொடங்க வேண்டும்.

வலைச் சட்டத்தின் வழியே மையை அழுத்தித் துணியில் பதிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன், அதாவது ஒரு வலைச் சட்டம், செய்ய வேண்டியிருப்பதால், நிறம் கூடக்கூடச் செலவும் கூடும். ஆகவே துணியின் நிறத்தையும் ஒரு நிறமாகப் பயன்படுத்துங்கள். காவடிக்கு நம்மவர் விரும்பி உடுத்தும் அடர் இளஞ்சிவப்பில் மஞ்சள் மையை நேராக அச்சிட்டால் அது ஆரஞ்சாகத் தெரியும்; அதனால் மஞ்சளுக்கு அடியில் வெள்ளை மை இட வேண்டும். அந்த வெள்ளைக்கும் தனி ஸ்கிரீன் உண்டு என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. செலவழித்த அந்த வெள்ளையைச் சில இடங்களில் மஞ்சளால் மூடாமல் விட்டால், வேலின் இலை மஞ்சளாகவும் மயிலின் உடல் வெள்ளையாகவும் தோகைக்கோடுகள் துணியின் இளஞ்சிவப்பாகவும் அமைந்து, இரண்டு ஸ்கிரீனிலேயே மூன்று நிறங்கள் கிடைத்துவிடும். மார்பு முழுவதையும் மையால் நிரப்ப வேண்டாம். மை படிந்த இடத்தில் காற்றுப் புகாது, வியர்வையும் உலராது.

துணி பருத்தியாக இருப்பதே நல்லது. பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் வகை மையைத் துணியில் உறுதிப்படுத்த ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவைப்படும். அந்தச் சூட்டில் பாலியஸ்டர் துணியின் சாயம் மேலேறுவதால், வெள்ளை எழுத்து சில நாள்களில் இளஞ்சிவப்பாகிவிடக்கூடும்.

நான் மிகவும் வலியுறுத்துவது தமிழ் எழுத்தைத்தான். ஓராண்டு எங்கள் சட்டைகளில் ‘தொண்டர்’ என்ற சொல்லின் ஒற்றைக்கொம்பு, தகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. அச்சகத்தாரின் கணினியில் எங்கள் எழுத்துரு இல்லை. அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவரும் இல்லாததால், பிழை எவர் கண்ணிலும் படவில்லை. கோயிலில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் முதல் தமிழ்ச் சொல்லாக அது இருக்கக்கூடும் என்பதால், அந்தப் பிழை எனக்கு இன்றும் வலிக்கிறது. எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு இல்லாமலே தெரியும் கோட்டு வடிவமாக, மாற்றி, பிடிஎஃப் கோப்பாகவே அனுப்புங்கள். தடித்த எழுத்துருவில் ண, ஞ ஆகியவற்றின் சுழிகள் மையால் அடைபடும். சிறிய எழுத்தில் புள்ளி காணாமற்போகும். துணி தெரிய விடும் கோடுகளுக்கும் சுழிகளுக்கும் குறைந்தது 0.7 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

எல்லா அளவுச் சட்டைக்கும் ஒரே ஸ்கிரீன் பயன்படும் என்பதால், மிகச் சிறிய சட்டைக்குப் பொருந்தும் அகலத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். கோப்பை அனுப்புவதற்கு முன் வடிவத்தை உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, அந்தச் சட்டைமேல் குத்தி, மூன்று மீட்டர் தள்ளி நின்று ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.