உயிலில் எழுதிய பாகம் செல்லாமல் போனால்

"என் மனைவி ஆயுள் வரை வீட்டை ஆண்டு அனுபவித்து, பிற்பாடு பிள்ளைகளுக்கு அவள் விருப்பப்படி பிரித்துக் கொடுக்க வேண்டியது." உயிலில் இப்படி ஒரு வரியை எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். சரி, யாருக்கு எவ்வளவு என்று எழுதாமலே அந்த அம்மா கண்ணை மூடிவிட்டால்?

1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 92ஆம் பிரிவில், பிள்ளைகள் எல்லாருக்கும் சமபங்கு என்கிறது. கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்ட மகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க அம்மா நினைத்திருக்கலாம். அந்த நினைப்பு அவரோடு போய்விடும். அதுவும் இந்தப் பிரிவு கிறிஸ்தவர், பார்சி போன்றோரின் உயில்களுக்குத்தான். இந்து உயில்களுக்குப் பொருந்தும் பிரிவுகளின் பட்டியலில் 92 இல்லை. அங்கே உயிலின் வாசகத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியதுதான். "அவள் பிரிக்காமல் போனால் இன்னாருக்கு இவ்வளவு" என்று அடுத்த வரியையும் எழுதியிருந்தால் இந்தத் தகராறே வராது.

இனி சொல்வதெல்லாம் இந்து உயிலுக்கும் உண்டு.

தம்பிக்கு நிலம் எழுதுகிறீர்கள். தம்பி உங்களுக்கு முன்பே போய்விடுகிறார். நிலம் அவர் பிள்ளைகளுக்குப் போகும் என்று நினைப்பது தவறு. 105ஆம் பிரிவுப்படி அந்தப் பாகம் செல்லாது; உயிலில் "மீதிச் சொத்தெல்லாம் இன்னாருக்கு" என்று யாரைச் சொல்லியிருக்கிறீர்களோ அவருக்குச் சேரும். அப்படி ஒரு வரியே இல்லையா? அந்த நிலத்தைப் பொறுத்தவரை உயில் எழுதாத கணக்கு, உங்கள் வாரிசுகளுக்குப் போகும்.

அப்புறம், ஒற்றைச் சொல் செய்யும் வேலை. "ராமுவுக்கும் சோமுவுக்கும்" என்று மட்டும் எழுதி, ராமு முன்பே இறந்தால், முழுவதும் சோமுவுக்கே. "ராமுவுக்கும் சோமுவுக்கும் சரிபாதியாக" என்று எழுதினால் சோமுவுக்குப் பாதிதான். மறுபாதி மீதிச் சொத்தோடு சேரும். எழுதித் தருபவர் பழக்கதோஷத்தில் சேர்க்கும் சொல் இது. கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

மகன், மகள், பேரப்பிள்ளை என்று உங்கள் நேர் வம்சத்தாருக்கு எழுதினால் மட்டும் ஒரு விலக்கு, 109ஆம் பிரிவில். மகன் முன்பே இறந்து, அவருடைய பிள்ளை உயிரோடு இருந்தால் பாகம் வீணாகாது. ஆனால் நேரே பேரன் கைக்குப் போகும் என்று நம்பிவிடாதீர்கள். உங்களுக்குப் பின்னால் மகன் இறந்ததாக வைத்துத்தான் சட்டம் கணக்குப் போடும். அவர் தன் சொத்தையெல்லாம் மனைவிக்கு உயில் எழுதியிருந்தால், இதுவும் மருமகளுக்கே. பேரனுக்குத்தான் என்றால், பேரன் பெயரையே எழுதிவிடுங்கள்.