‘அணு உலை தொடங்கியது’ என்ற செய்தியைப் படிப்பது எப்படி?

நெல்லையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். கூடங்குளம் ‘தொடங்கியது’ என்று செய்தி வந்தாலே போன் வரும்: “அண்ணாச்சி, இனி கரண்டு போகாதுல்லா?”

எது தொடங்கியது என்று முதலில் பாருங்கள். அடித்தளத்துக்கு முதல் கான்கிரீட் போட்டாலும் தொடக்கம்தான். கூடங்குளத்தின் 3-ஆம் அலகுக்கு, அதாவது மூன்றாவது உலைக்கு, அது நடந்தது 2017 ஜூனில். எரிபொருள் நிரப்புவது வேறு கட்டம். அதற்கும் பிறகுதான் கிரிட்டிகாலிட்டி: யுரேனிய அணு பிளக்கும்போது வரும் நியூட்ரான்களே அடுத்த அணுக்களைப் பிளக்க, தொடர்வினை தானாக நிலைத்து நடக்கும். தலைப்புச் செய்தி அன்றைக்குத்தான் வரும். ஒரு யூனிட் மின்சாரம்கூட வராது. டர்பைன் சுழன்று, மின்தொகுப்பில் இணைய வேண்டும். வணிக உற்பத்தி கடைசி.

1-ஆம் அலகையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டது 1988 நவம்பர். கிரிட்டிகாலிட்டி 2013 ஜூலை 13, மின்தொகுப்பு இணைப்பு அக்டோபர் 22, வணிக உற்பத்தி 2014 டிசம்பர் 31. நடுவே சோவியத் யூனியனே கலைந்துபோனது. பிறகு உலையை எதிர்த்து இடிந்தகரைப் போராட்டம். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லித் தாமதத்தை விளக்குகிறவரை நான் நம்புவதில்லை.

அப்புறம் மெகாவாட். ஒரு அலகுக்குச் சொல்லும் 1000 என்பது திறன்தான், தினசரி உற்பத்தி அல்ல. முழுவதும் நமக்கும் இல்லை. கேரளம், கர்நாடகம், புதுச்சேரிக்கும் பங்குண்டு. எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தினால் அந்த அலகில் உற்பத்தி பூஜ்யம். எனவே செய்தியில் ‘திறன்’ என்றிருக்கிறதா, ‘உற்பத்தி’ என்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.